துண்டு மணக்கிறது, துவட்டத்தான் மறுக்கிறது!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் போன ஆண்டு பெங்களூர் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாக்லேட்டோடு ஒரு அட்டைப் பெட்டியும் கொடுத்தார். திறந்தால், உள்ளே கைக்குட்டை அளவில் மெல்லிய தாள்கள். வீடே மணந்தது. "துணிக்குப் போடுவது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் மெஷின் உண்டு. காயவைக்கும் மெஷின் கிடையாது. மொட்டை மாடிக் கொடிதான். என் மனைவி அலசும் வாளியில் ஒரு தாளைப் போட்டுப் பார்த்தாள். தாள் தாளாகவே கிடந்தது. கைதான் வழவழத்தது. சரி, வாசனைக்காவது ஆகட்டும் என்று பையனின் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே ஒன்றை வைத்தாள். நான்காம் நாள் பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், நிறுத்திப் பாருங்கள் என்றார் டாக்டர். நிறுத்தினோம். தடிப்பு அடங்கியது. அதன் பிறகுதான் இந்தத் தாளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

தாளில் என்ன இருக்கிறது?

இதன் பெயர் 'டிரையர் ஷீட்'. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்தது. கான்ராட் கெய்சர் என்பவர் அங்கே இதற்குக் காப்புரிமை பெற்றார். துணியை மென்மையாக்கும் திரவத்தைக் கடைசி அலசலின்போது பார்த்து ஊற்ற வேண்டும். அந்த வேலையை மிச்சப்படுத்தவே இந்தத் தாள் வந்தது.

பார்க்கக் காகிதம் போல இருந்தாலும், பெரும்பாலும் இது பாலியஸ்டர் இழை. அதன்மேல் கொழுப்பிலிருந்து செய்த ஒரு ரசாயனமும் வாசனைப் பொருளும் பூசியிருக்கும். காயவைக்கும் மெஷினின் சூட்டில் இந்தப் பூச்சு உருகித் துணிகளில் படியும். சூடான, வறண்ட காற்றில் நைலான், பாலியஸ்டர் துணிகள் உரசும்போது மின்னூட்டம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுப்பதுதான் தாளின் முக்கிய வேலை.

ஆக, சூடு இருந்தால்தான் தாளுக்கு வேலை. கொடியில் காயும் துணிக்கு இது வெறும் வாசனைத் தாள்!

மென்மைக்குக் கொடுக்கும் விலை

நம்மூர்க் கடைகளில் பாட்டிலிலும் சிறு பாக்கெட்டிலும் விற்கும் மென்மையாக்கும் திரவமும் ஏறக்குறைய இதே இனம்தான். இரண்டுமே அழுக்கை எடுப்பதில்லை. துணிமேல் ஒரு படலத்தைப் பூசுகின்றன. கைக்கு மெத்தென்று இருப்பது அந்தப் படலமே. ஆனால் குளித்துவிட்டுத் துவட்டினால் துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும். குழந்தையின் இடுப்புத் துணிக்கும், வியர்வையை உறிஞ்ச வேண்டிய பனியனுக்கும் இதே கதிதான்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. துண்டு சரியில்லை என்றால் திட்டு வாங்குவது அவர்கள்தானே! காயவைக்கும் மெஷினில் பஞ்சு சேரும் வலையிலும் இந்தப் பூச்சு படியும். அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அதைக் கழுவ வேண்டும். திரவத்தைச் சோப்புத்தூளோடு சேர்த்துக் கொட்டக்கூடாது. ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். தாளானாலும் திரவமானாலும் குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாது. வாயில் வைத்தால் ஆபத்து.

வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-ம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்டைன்மேன் என்பவர் நடத்திய ஆய்வில், வாசனைச் சோப்பும் இந்தத் தாளும் பயன்படுத்திய மெஷின்களின் புகைப்போக்கியில் 25-க்கும் மேற்பட்ட ஆவிப் பொருள்கள் காணப்பட்டன. சோதித்தது இரண்டே வீட்டு மெஷின்கள் என்பதால் இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. எல்லோருக்கும் அரிப்பு வரும் என்பதும் இல்லை. ஆனால் தோல் நோயோ ஆஸ்துமாவோ உள்ள வீட்டில் வாசனை இல்லாமல் துவைப்பதே நலம்.

கடைசி வாளி காவிரி!

அப்படியானால் துணி ஏன் மொடமொடக்கிறது? போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது சோப்போடு சேர்ந்து துணியில் படிகிறது. போதாக்குறைக்கு, நுரை வரவில்லையே என்று நாமும் தூளை அள்ளிப் போடுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஏறி வரும் காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வருகிறது. துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில். கடைசி வாளி மட்டும் காவிரியில். தூளைப் பாதியாகக் குறைத்தோம். கொடியில் போடுமுன் துணியை நன்றாக உதறுகிறோம். துண்டு மொடமொடத்தால் கடைசி வாளியில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர். (பிளீச்சிங் பவுடரோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.)

பெங்களூர் மழை நாளில் ஒற்றை அறை வீட்டில் துணி காயாமல் வீச்சம் அடிப்பது நாம் எல்லோரும் பட்ட கஷ்டம். ஈரத்தில் கிருமி பெருகுவதால் வரும் வீச்சம் அது. வாசனை அதை மூடுமே தவிரப் போக்காது. துணிகளை நெருக்காமல் போட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். வெயில் தலை காட்டினால் உடனே மாடிக்குக் கொண்டுபோங்கள்.

அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த தாள்கள் என்ன ஆயின என்கிறீர்களா? பரண்மேல் பழைய சூட்கேசுக்குள் கிடக்கின்றன. உறவினர் அடுத்த முறை வந்தால் கேட்பாரே!