கைக்குழந்தையோடு விமானப் பயணமா? தூக்க மருந்து மட்டும் வேண்டாம்!

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள், குழந்தைக்கு நாலைந்து மாதம் ஆனதும் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிறாள். எங்கள் பெண்ணாடம், திட்டக்குடி பக்கமெல்லாம் இது சகஜமாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் வாரம் பாட்டி வைத்தியசாலைக்கு வந்து நிற்பார். "ஐயா, பிளேன்ல புள்ளை கத்திக் கூப்பாடு போடுமாம். வழியெல்லாம் தூங்குற மாதிரி ஏதாச்சும் உரைச்சுக் குடுங்களேன்!"

கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.

விமானத்தில் குழந்தை வீறிட்டு அழுவதற்கு முக்கியமான காரணம் காதுவலி. ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது உங்களுக்கே காது அடைக்கும் அல்லவா? விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதுபோலத்தான். இறங்கும்போது அந்த அழுத்தம் மளமளவென்று கூடும். செவிப்பறை உள்பக்கமாக அமுங்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற சிறு குழல் திறந்தால்தான் அழுத்தம் சமமாகும். குழந்தைக்கு அந்தக் குழல் குறுகல். விழுங்கும்போதுதான் அது திறக்கும்.

இப்போது சொல்லுங்கள், தூங்குகிற குழந்தை விழுங்குமா? விழித்திருக்கும்போது விழுங்குவதைவிடக் குறைவாகத்தான் விழுங்கும். மருந்து கொடுத்துத் தூங்க வைத்தால் அந்த வலிக்கு நாமே வழி செய்த மாதிரி!

ஆகவே விமானம் இறங்கத் தொடங்கியதும், அதாவது தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, தூங்கினாலும் மெதுவாக எழுப்பிப் பால் கொடுங்கள். ஏறும்போதும் கொடுக்கலாம், ஆனால் இறங்கும்போதுதான் கட்டாயம். தலையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். புட்டிப்பால் குடிக்கிற குழந்தை என்றால் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். பாலாடையில் ஊட்டினாலும் சரிதான், விழுங்கினால் போதும். காதில் பஞ்சு வைப்பது, பூண்டு எண்ணெய் விடுவது எல்லாம் இதற்கு உதவாது. அழுத்தம் செவிப்பறைக்கு உள்ளே அல்லவா இருக்கிறது!

சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அந்தக் குழல் இன்னும் அடைபடும். காதில் சீழ், காய்ச்சல் இருந்தால் டிக்கெட் போனாலும் பரவாயில்லை, குழந்தை மருத்துவரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகு கிளம்புங்கள். குறைமாதக் குழந்தைக்கும், இதயத்தில் நுரையீரலில் கோளாறு உள்ள குழந்தைக்கும் இது பொருந்தும்.

சிலர் சளி சிரப்பைத் தூக்கத்துக்காகவே கொடுக்கிறார்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. நம் வீட்டு வைத்தியமும் விதிவிலக்கல்ல. ஜாதிக்காயைக் கூடுதலாக உரைத்துக் கொடுப்பது, கசகசாப் பால் புகட்டுவது இரண்டும் ஆபத்து. கசகசாவைப் பெட்டியிலும் வைக்காதீர்கள்! அமீரகத்திலும் சவுதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கும் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. பாட்டி பாசத்தோடு அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மருந்தைத் தேனில் குழைப்பது சித்த மருத்துவ வழக்கம். நானே சொல்கிறேன், ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள். பெண்ணாடத்திலிருந்து திருச்சிக்கு ரயிலிலோ காரிலோ இரண்டு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், அங்கே இறங்கி வீடு சேர ஒன்றிரண்டு மணி. பிள்ளைக்கு அரைநாள் ஓடிவிடும். சென்னையிலிருந்து லண்டன் என்றால் கேட்கவே வேண்டாம்.

விமானத்துக்குள் காற்று ரொம்ப வறட்சி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்தான். பவுடர் பால் என்றால் பவுடர் தனியாக, காய்ச்சிய வெந்நீர் ஃபிளாஸ்க்கில் தனியாக. கரைத்து வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை உணவுக்கு 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு, சோதனையின்போது தனியே எடுத்துக் காட்டவேண்டும்.

முன்வரிசையில் தொட்டில் கிடைக்கும், டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தை தொட்டிலில் இருக்கக் கூடாது. மடியில், அவர்கள் தரும் சின்ன பெல்ட்டோடு.

போய்ச் சேர்ந்த அன்றே எண்ணெய்க் குளியல் வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். பகலில் வெளிச்சத்திலும் இரவில் இருட்டிலும் வைத்தால் சில நாளில் தூக்கம் சரியாகிவிடும். அதன் பிறகும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எனக்கு போன் போட்டு மருந்து கேட்காதீர்கள். அங்கேயே ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கட்டும்.