தாத்தா அளந்த மரம். பேரன் போடும் கணக்கு!

வாழை வைத்தால் ஓராண்டில் குலை தள்ளும். ஃபிர் மரம் அப்படி அல்ல. வெட்டும் பருவத்துக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகும். நட்டவர் வெட்டுவது இல்லை!

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீட்டில் அலங்கரித்து வைக்கிறார்களே, அந்த இனம்தான் ஃபிர். தெற்கு ஜெர்மனியின் மலைக் காடுகளில் இது 50 மீட்டர் உயரம்கூட வளரும்.

இந்த மரங்களில் ஆண்டுக்கு எத்தனையை வெட்டலாம்? வளர்வதைவிட அதிகமாக வெட்டினால் காடு அழியும். வெட்டாமலே விட்டால் மரத் தொழிலாளிகளின் பிழைப்பு என்ன ஆவது?

எண் போட்ட மரங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1870-க்குப் பிறகு இதற்கு ஒரு வழி கண்டார்கள். காட்டில் சில இடங்களை ஒதுக்கினார்கள். அங்குள்ள மரங்களுக்கு எண் கொடுத்தார்கள். தரையில் இருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் பருமனை அளந்து எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே மரத்தை அதே உயரத்தில் மீண்டும் அளந்தார்கள்.

அளந்தவர்கள் மறைந்தார்கள். அடுத்த தலைமுறை அளந்தது. இன்றும் அளக்கிறார்கள்!

இப்படிக் கிடைத்த அளவுகளைக் கொண்டு, "இத்தனை வயதில் இவ்வளவு மரம் கிடைக்கும்" என்று அட்டவணை போட்டார்கள்.

பொய்த்த கணக்கு

1970-க்குப் பிறகு ஃபிர் மரங்கள் வாடின. அட்டவணை சொன்னபடி அவை வளரவில்லை. ஏன்?

மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் உண்டாகும். நன்றாக வளர்ந்த ஆண்டின் வளையம் அகலமாக இருக்கும். மரத்தை வெட்டாமலே துளையிட்டு, பென்சில் போன்ற துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டுகளின் வளையங்கள் மிக மெல்லியதாக இருந்தன.

நிலக்கரிப் புகையில் இருந்த கந்தக வாயுதான் மரங்களை நலிய வைத்தது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1983-ல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. கந்தக வாயு குறைந்தது. வளையங்கள் மீண்டும் அகலமாயின!

அட்டவணை வயதைப் பார்த்தது, காற்றைப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரில் காடு

வயது மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய மரங்களின் நிழலில் ஃபிர் கன்று நூறு ஆண்டுகூடக் குட்டையாகவே காத்திருக்கும். வெளிச்சம் கிடைத்ததும் விறுவிறுவென்று வளரும்.

ஆகவே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பிரெட்ஷ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 'சில்வா' என்ற கம்ப்யூட்டர் கணக்கை உருவாக்கினார்கள். அது ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். பக்கத்து மரம் எவ்வளவு நெருக்கம்? மண் எப்படி? மழையும் வெப்பமும் எவ்வளவு? எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்தைந்து ஆண்டுகளாகக் காட்டை வளர்த்துக் காட்டும்.

கம்ப்யூட்டர் சொன்னது சரிதானா? அதைச் சொல்ல வேண்டியது மரம்தான். அதனால்தான் அளவு நாடாவுடன் காட்டுக்குள் போகும் வேலை இன்னும் நிற்கவில்லை.