சென்னையில் உட்கார்ந்தே ராஜகிரி ஏறும் போன்

செஞ்சிக் கோட்டைக்கு ஒரு வழிகாட்டிச் செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான். ஆகவே இப்படி ஒரு யோசனை யாருக்கும் வரக்கூடியதே. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலை நெருங்கினால் போன் அதன் கதையைச் சொல்ல வேண்டும், களஞ்சியத்துப் பக்கம் நகர்ந்தால் அடுத்த கதை. நிரல் எழுதுகிறவர் இருப்பதோ சென்னையில். ஒரு வரி மாற்றும்போதெல்லாம் பஸ் பிடித்து, திண்டிவனம் தாண்டி வந்து, கோட்டையின் சுமார் 800 அடி உயர ராஜகிரி மலையில் ஏறிச் சோதித்துப் பார்த்தால் செயலி முடிவதற்குள் முழங்கால் முடிந்துவிடும்.

இந்த அலைச்சலைக் குறைக்கும் கருவி போனுக்குள்ளேயே இருக்கிறது, கொஞ்சம் ஒளித்துவைக்கப்பட்டு. அதன் பெயர் டெவலப்பர் ஆப்ஷன்ஸ். 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் கூகுள் இதைச் செட்டிங்ஸில் நேரடியாகக் காட்டுவதில்லை. போனைப் பற்றிய விவரப் பக்கத்தில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். சில தட்டுகளுக்குப் பிறகு, இன்னும் இத்தனை பாக்கி என்று போனே எண்ணத் தொடங்கும். ஏழாவது தட்டில் நீங்களும் டெவலப்பர். படிப்பு, பட்டம் எதுவும் கேட்காது.

உள்ளே போனால் நீளமான பட்டியல், பாதிக்குமேல் புரியாது. அதில் நம் செஞ்சிக்காரருக்கு முதலில் வேண்டியது போலி இருப்பிட வசதி. இதற்கென்று இருக்கும் சிறு செயலி ஒன்றை நிறுவி, இந்தப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வடக்கே 12.25 பாகை, கிழக்கே 79.40 பாகைக்கு அருகில் ஒரு புள்ளியைக் கொடுத்தால், வேளச்சேரியில் மேசைமேல் கிடக்கும் போன் தான் செஞ்சியில் இருப்பதாக நம்பிவிடும். கல்யாண மகாலிலிருந்து களஞ்சியத்துக்கு நடக்கிற மாதிரிகூடப் புள்ளியை நகர்த்தலாம்.

இதே வசதியை ஏமாற்றவும் பயன்படுத்துவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில், வேலை நடக்கும் இடத்திலிருந்தே படமெடுத்து வருகை பதிய 2021-ல் என்எம்எம்எஸ் செயலி வந்தது. 2023 ஜனவரியில் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. இருப்பிடத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் எந்தச் செயலிக்கும் போலிப் புள்ளி ஒரு தலைவலிதான். அதனால் ஆண்ட்ராய்டு, போலி இருப்பிடத்தின்மேல் ‘இது போலி’ என்று ஒரு குறியும் போட்டே செயலியிடம் தருகிறது. அதைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் எழுதுகிறவர் பாடு.

என் பார்வையில், இந்தப் பட்டியலில் அதிகம் உதவுவதும் அதிகம் கண்டுகொள்ளப்படாததும் வேறொன்று. ஒரு செயலியிலிருந்து வெளியே வந்ததும் அதன் திரையை உடனே அழித்துவிடச் சொல்லும் ஸ்விட்ச் அது. எதற்கு இந்தக் கொடுமை என்று தோன்றும். பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு வருகிறது. பேசிவிட்டுத் திரும்பினால் படிவம் வெறுமையாக இருக்கிறது. இந்த எரிச்சல் நம்மில் பலருக்கும் பழக்கம். நினைவகம் குறைந்த போனில், புதிதாக ஒன்று திறக்கும்போது பின்னால் கிடப்பதை ஆண்ட்ராய்டு கலைத்துவிடுகிறது. கலைவதற்கு முன் நிரப்பியதைச் சேமித்துவைக்கும் பொறுப்பு செயலி எழுதியவருடையது. அவர் கையிலிருப்பதோ நினைவகம் தாராளமாக உள்ள விலையுயர்ந்த போன், அதில் எதுவும் சீக்கிரம் கலையாது. குறை அவர் கண்ணில் படாமலே கடைக்குப் போய்விடுகிறது. இந்த ஸ்விட்சைப் போட்டால் அந்தப் போனும் ஏழாயிரம் ரூபாய் போனைப் போல நடந்துகொள்ளும்.

நெட்வொர்க்கும் அப்படித்தான். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல், பதிவிறக்க வேகத்தை வினாடிக்கு 128 கிலோபிட் வரை கட்டிப்போடலாம். அலுவலக வைஃபையில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த கோட்டைப் படங்கள் அப்போது எவ்வளவு நேரம் சுழல்கின்றன என்பது தெரியும். ஐபோனிலும் இதற்கு ஈடான வசதி உண்டு, ஆனால் அங்கே டெவலப்பர் பகுதியைத் திறக்கப் பொதுவாக மேக் கணினியின் துணை வேண்டியிருக்கும்.

தமிழுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. எழுத்துகளையும் பொத்தான்களையும் சுற்றி எல்லைக்கோடு வரைந்து காட்டும் ஸ்விட்சைப் போட்டு, திரை அகலத்தையும் குறைத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் ‘பதிவிறக்கு’ முட்டிக்கொண்டு நிற்கும், ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும். தமிழ்த் திரையைக் கடைசி நாளில் பார்ப்பவர்கள் இதைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

பிழை எங்கே என்று தேட, யுஎஸ்பி டீபக்கிங் என்ற வாசல் உண்டு. அதைத் திறந்து கணினியோடு வயரில் இணைத்தால், செயலி விழுந்த நொடியில் உள்ளே என்ன நடந்தது என்ற பதிவை வரிவரியாகப் படிக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் வயரும் வேண்டாம், ஆறு இலக்க எண்ணைத் தட்டி வைஃபையிலேயே இணைக்கலாம். ஆனால் அதே வாசல் வழியாகக் கணினியால் உங்கள் போனில் செயலியை நிறுவவும் கோப்புகளை எடுக்கவும் முடியும். அதனால்தான் புதிய கணினியில் செருகியதும், இதை நம்பலாமா என்று போன் கேட்கிறது. பிறர் கணினியில் ‘எப்போதும் அனுமதி’யைத் தொடாதீர்கள். வங்கிச் செயலிகள் சில, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தாலே வேலை செய்ய மறுக்கும். மேலே இருக்கும் ஒரே ஸ்விட்சில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம், போனில் உள்ளவை எதுவும் அழியாது. முன்பின் தெரியாத ஒருவர் போனில் பேசிக்கொண்டே டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கச் சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நம் ஆள் ஒருமுறை செஞ்சிக்கு வந்துதான் ஆக வேண்டும். போலிப் புள்ளி நேர்கோட்டில் ஒழுங்காக நகரும். நிஜத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை அந்தப் பெரும் பாறைகளில் மோதித் திரும்பி வருவதால், போன் உங்களைப் பல மீட்டர் தள்ளி நிறுத்தும், களஞ்சியக் கதை மகால் வாசலிலேயே தொடங்கிவிடலாம். சித்திரை வெயிலில் ராஜகிரி உச்சியில் திரை கண்ணுக்குத் தெரிகிறதா, குரங்கு பிடுங்குவதற்குள் ஒரு கையால் ஆடியோவை நிறுத்த முடிகிறதா என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் ஸ்விட்ச் இல்லை.