அப்டேட் அனுப்பியாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததா?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் ஜும்ஆ நேரத்தை ஒட்டி, அரசு மருத்துவமனைகளின் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு நிறத்துக்கு மாறின. கோப்புகளெல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கட்டு என்று ஒரு மிரட்டல். 'வான்னாக்ரை' என்ற கணினிக் கிருமியின் வேலை அது.

அந்நாட்டின் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன. அவை தவிர 595 குடும்ப மருத்துவர்களின் மருத்துவ நிலையங்களிலும் கிருமி புகுந்தது. ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளிகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அறுவை சிகிச்சைகள் உட்பட சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்பது பின்னர் போடப்பட்ட மதிப்பீடு.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம். மருத்துவமனைகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிருந்தது. பிறகு ஏன் இப்படி ஆனது? அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கையில் பதில் இருக்கிறது. சொன்னபடி மருத்துவமனைகள் செய்தனவா என்று அறிந்துகொள்ள, சுகாதாரத் துறையிடம் முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

நம் ஜமாஅத்தில் ஓர் அறிவிப்பை வீடுவீடாகக் கொடுத்தனுப்புகிறோம். "எல்லோருக்கும் கொடுத்தாச்சு ஹஜ்ரத்" என்று பையன் வந்து சொல்வான். பூட்டிக் கிடந்த வீடு எத்தனை, கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தது எத்தனை என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். கணினி அப்டேட்டும் அப்படித்தான். அனுப்பப்படுவது வேறு, நிறுவப்படுவது வேறு.

அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி போன்ற இடங்களில் உள்ள கணினிகளை அதில் உட்கார்ந்து வேலை செய்பவர் நிர்வகிப்பதில்லை. ஒரு மைய சர்வர் அவற்றுக்கு அப்டேட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொரு கணினியும் அவ்வப்போது அந்த சர்வரைத் தொடர்புகொண்டு தன் நிலையைச் சொல்ல வேண்டும். 'டபிள்யூசஸ்' என்ற மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டில் அந்த நிலைகள் இப்படிப் பதிவாகின்றன: நிறுவப்பட்டது, தேவைப்படுகிறது, தோல்வி, பொருந்தாது, தகவல் இல்லை. ஒரு குறிப்பிட்ட அப்டேட்டைத் தேர்ந்தெடுத்து அறிக்கை கேட்டால், எந்தக் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல் வந்துவிடும்.

வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது இங்கேதான். ஏமாறுவதும் இங்கேதான்.

அந்தத் திரையில் 'நிறுவப்பட்டது', 'பொருந்தாது' இரண்டும் சேர்ந்து ஒரே சதவீதமாகத் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற, ஆதரவு முடிந்துபோன பழைய கணினிக்கு 2017 மார்ச்சில் அந்த அப்டேட் பொதுவெளியில் கிடைக்கவே இல்லை. தாக்குதல் நடந்த பிறகே மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டது. மருந்தே இல்லாத நோயாளியை 'மருந்து தேவையில்லாதவர்' கணக்கில் எழுதிவைத்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும். சதவீதம் அழகாக இருக்கும், ஓட்டை திறந்தே இருக்கும்.

அடுத்தது அப்டேட்டின் எண். ஒவ்வோர் அப்டேட்டுக்கும் 'கேபி' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. விண்டோஸ் 7க்கு அந்த மார்ச் மாதப் பாதுகாப்பு அப்டேட்டின் எண் கேபி4012212. அதே திருத்தம் கேபி4012215 என்ற மாதத் தொகுப்பிலும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஏப்ரல் தொகுப்பிலும் அது அடங்கியிருந்தது. எனவே முதல் எண்ணை மட்டும் தேடினால், பாதுகாப்பாக இருக்கும் கணினியையும் 'இல்லை' என்று பட்டியல் காட்டிவிடும். ஊழியர் அதன் பின்னால் அலைவார். உண்மையில் ஓட்டை உள்ள கணினி காத்துக்கிடக்கும். ஆகவே எண்ணோடு நிற்காமல், அந்த அப்டேட் மாற்றியமைக்கும் கோப்பையே பார்க்க வேண்டும். விண்டோஸ் 7இல் 'எஸ்ஆர்வி.சிஸ்' என்ற கோப்பின் பதிப்பு எண் 6.1.7601.23689 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

மூன்றாவதாக, பேசாத கணினிகள். பவர்ஷெல்லில் 'கெட்-ஹாட்ஃபிக்ஸ்' என்ற கட்டளை மூலம், இருந்த இடத்திலிருந்தே வேறொரு கணினியில் உள்ள அப்டேட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கணினி அணைக்கப்பட்டிருந்தால் பிழைச்செய்திதான் வரும். பதில் வராததை 'நிறுவப்படவில்லை' என்று எழுதுவதும் தவறு, பட்டியலிலிருந்தே நீக்குவது அதைவிடப் பெரிய தவறு. உளூ இல்லாதிருந்தது உறுதி, பிறகு செய்தோமா என்பதில் சந்தேகம் என்றால், உளூ இல்லை என்றே சட்டம் எடுப்போம். சந்தேகம் உறுதியை நீக்காது. கடைசியாக சர்வரோடு பேசி ஒரு மாதமாகிவிட்ட கணினிக்கும் அதே சட்டம்தான்: அப்டேட் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஓர் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

அப்டேட் இறங்கியும், மறுதொடக்கம் செய்யப்படாமல் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளும் உண்டு. மறுதொடக்கம் ஆகும்வரை அவற்றை முடிந்த கணக்கில் சேர்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மொத்தம் எத்தனை கணினிகள்? சர்வரின் பட்டியலில் சேர்க்கப்படாத கணினியைப் பற்றி சர்வருக்கு எதுவும் தெரியாது. பொருள் இருப்புப் பதிவேட்டில் 140, சர்வர் பட்டியலில் 122 என்றால், அந்த 18 எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை. வரவேற்பறையில் ஒன்று, கணக்காளர் மேசைக்கடியில் ஒன்று, ஸ்கேன் கருவியோடு இணைந்தபடி ஒன்று என்று கிடைக்கும். கருவியோடு இணைந்ததைத் தொட அந்தக் கருவி நிறுவனத்தின் அனுமதி வேண்டியிருக்கும். அதுவரை அதை வலைப்பின்னலின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கலாம்.

இதை இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் இங்கும் இதே வேலையில் இருக்கிறார்கள். நம்மில் பலர் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பைத்துல்மால் நிர்வாகக் குழுக்களில் இருக்கிறோம். நோயாளியின் குறிப்பும், மாணவரின் சான்றிதழும், ஜகாத் பெறுபவரின் பெயர்ப்பட்டியலும் அந்தக் கணினிகளில் உள்ள அமானிதங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் "அப்டேட் எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்காதீர்கள், "போட்டாச்சு" என்ற பதில்தான் வரும். போடாதவை எவை, பதில் சொல்லாதவை எவை, பட்டியலில் இல்லாதவை எவை என்று மூன்று பட்டியல்களைக் கேளுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு கணினி என்றால் சர்வர் எதுவும் தேவையில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. கடைசித் தேதியையும், பக்கத்தில் தோல்வி என்று ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.