துடுப்புப் படகுக்கு மட்டும்
கொலோவேசி தேசியப் பூங்கா, கிழக்குப் பின்லாந்து

1990-இல் அமைந்த இப்பூங்காவின் பெரும்பகுதி நீரில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. கயாக்கோ துடுப்புப் படகோதான் வழி. காரணம், சைமா வளையச் சீல். பனியுகத்துக்குப் பின் நிலம் மேலெழுந்தபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, சைமா ஏரியிலேயே தங்கிவிட்ட உயிர் இது. உலகில் வேறெங்கும் கிடையாது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரையோரப் பனிக்குவியலுக்குள் குடைந்த வளையில் குட்டி பிறக்கும். பனி போதாத ஆண்டுகளில் தன்னார்வலர்கள் மண்வாரியோடு வந்து பனியைக் குவித்து வைக்கிறார்கள். அந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மே மாதத்தில் சீல்கள் பாறைமேல் படுத்து முடி உதிர்க்கும். கருஞ்சாம்பல் உடம்பில் வெளிறிய வளையங்கள் அப்போது நன்றாகத் தெரியும். கண்டதும் துடுப்பை நிறுத்துங்கள், நெருங்க வேண்டாம். வலையில் சிக்கும் குட்டிகள் மூச்சுமுட்டி இறப்பதால், சீல் வாழும் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை மீன்வலை விரிக்கத் தடை உண்டு.

உகோன்வுவோரி குன்றின் செங்குத்துப் பாறையில் சுமார் 5,000 ஆண்டுப் பழமையான செந்நிற ஓவியங்கள் இருக்கின்றன. தொடாமல் பாருங்கள்.

கரையேறினால், குறித்த இடங்களில் மட்டுமே தீ மூட்டலாம். காட்டில் பழுத்திருக்கும் பெர்ரிகளை யாரும் பறித்துச் சாப்பிடலாம்.