தொழில்தருநரைப் பற்றி இணையத்தில் எழுதுவது: மார்க்கமும் சட்டமும் சொல்வது என்ன?

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனது சாந்தியும் சமாதானமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

மாத இறுதியில் சம்பளம் தாமதிக்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு கணக்கில் வரவில்லை. முகாமையாளர் பலர் முன்னிலையில் கடுஞ்சொல் கூறிவிட்டார். மனம் கொதித்த நிலையில் வீடு திரும்பும் இளைஞன் இரவில் கைத்தொலைபேசியை எடுத்து, தன் கம்பனியைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் முகநூலில் நான்கு வரி எழுதுகிறான். இதயம் இலேசாகிவிட்டது போல் தோன்றுகிறது. நண்பர்கள் பலர் அதனை விரும்பியதாகத் தெரிவிக்கின்றனர். மறுநாள் காலையில் அதே வரிகள் அச்சிட்ட தாளாக முகாமையாளரின் மேசையில் கிடக்கின்றன. இன்று பல குடும்பங்களின் ஜீவனோபாயத்தைப் பாதிக்கின்ற இவ்விடயத்தை மார்க்கத்தின் ஒளியிலும் நாட்டுச் சட்டத்தின் ஒளியிலும் சற்று ஆராய்வோம்.

பேச்சும் எழுத்தும்

முதலாளியைப் பற்றிக் குறைப்படுவது புதிதன்று. முன்பு அது தேநீர்க் கடையிலோ, பஸ் தரிப்பிடத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ நடந்தது. கேட்டவர் நான்கு பேர். மறுநாள் அவர்களும் மறந்தனர். இணையத்தில் எழுதியதோ அவ்வாறு மறைவதில்லை. எழுதியவர் அழித்துவிட்டாலும், அதற்கு முன் ஒருவர் அதனைப் படமாகப் பிடித்து வைத்திருந்தால் அது நிலைத்துவிடும். "நண்பர்களுக்கு மட்டும்" என்று மட்டுப்படுத்தினாலும், அந்த நண்பர்களுள் சக ஊழியரும் இருப்பார். சக ஊழியரின் மைத்துனரும் இருப்பார்.

புனைபெயரில் எழுதினால் தப்பலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். எந்தக் கிளை, எந்த நாள், எந்தச் சம்பவம் என்ற விபரங்களே எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பாக எமது சமூகம் சிறியது. கடை உரிமையாளர், பள்ளிவாசல் நிர்வாகசபை உறுப்பினர், திருமணச் சம்பந்தி ஆகிய மூவரும் சில வேளை ஒருவராகவே இருப்பார். ஒரு கம்பனியில் இழந்த நற்பெயர் அடுத்த கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்கு முன்னரே அங்கு சென்று சேர்ந்துவிடுகிறது. விண்ணப்பதாரியின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கும் வழக்கமும் தொழில்தருநர்களிடையே பரவியுள்ளது. பழைய முதலாளியை இவ்வாறு எழுதியவர் நாளை எம்மையும் எழுதுவார் என்று அவர்கள் எண்ணினால், அதனைத் தடுக்க எவராலும் இயலாது.

உலகில் நடந்தவை

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இணைய வடிவமைப்பாளராகப் பணியாற்றிய ஹெதர் ஆம்ஸ்ட்ரோங் என்பவர், தன் அலுவலகத்தையும் சக ஊழியர்களையும் கேலி செய்து இணையத்தில் எழுதியமையால் வேலையிழந்தார். தன் எழுத்தினால் வேலை இழப்பதைக் குறிக்க, அவரது இணையத்தளத்தின் பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு புதிய சொல் பிறந்தது.

2008ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் வேர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் தனது விமானப் பணியாளர் 13 பேரை நீக்கியது. அவர்கள் முகநூலில் பயணிகளை இழிவாகப் பேசியதோடு விமானங்களின் பாதுகாப்பைப் பற்றியும் குறை கூறியிருந்தனர். பாதுகாப்புக் குறைபாடு என்பது உரிய அதிகாரிக்கு அறிவிக்கப்பட வேண்டிய பாரதூரமான விடயம். பயணிகள் மீதான ஏளனத்தோடு கலந்து எழுதப்பட்டமையால் அது முறைப்பாடு என்ற மதிப்பையே இழந்தது.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யெல்ப் நிறுவனத்தில் பணியாற்றிய ஓர் இளம் பெண், தன் சம்பளம் வாடகைக்கும் உணவுக்கும் போதவில்லை என்று நிறுவனத் தலைவருக்கு இணையத்தில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அன்றைய தினமே அவர் வேலை இழந்தார். நீக்கத்துக்கு அக்கடிதம் காரணமன்று என்று கூறிய நிறுவனத் தலைவர், அந்நகரின் வாழ்க்கைச் செலவு மிக அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். குறை நியாயமானதாக இருந்தும், அதனைச் சொன்னவரின் வேலை மீளவில்லை.

எமது நாட்டின் சட்டம்

"உண்மையைத்தானே எழுதினேன், என்னை எப்படி நீக்க முடியும்?" என்று கேட்கும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றி ஊழியரை நீக்குவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ பெற வேண்டுமென 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கும்போது இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. எனவே, முதலாளியை வசைபாடி எழுதும் ஊழியர், தம்மைக் காத்து நின்ற வேலியைத் தாமே பிடுங்கி எறிகிறார். அவரை நீக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு அக்காரணம் எழுத்திலேயே கிடைத்துவிடுகிறது.

கம்பனியின் கணக்கு, வாடிக்கையாளர் விபரம், உள்ளகக் கடிதம் ஆகியவற்றைப் படமெடுத்து வெளியிடுவது இன்னும் பாரதூரமானது. நியமனக் கடிதத்தில் இரகசியம் பேணும் நிபந்தனை இருப்பின், அதனை மீறியதாகவே அது கொள்ளப்படும்.

அரசாங்க ஊழியர்களுக்குத் தாபன விதிக்கோவையின் கட்டுப்பாடுகள் உண்டு. சமூக வலைத்தளங்களில் கருத்து வெளியிட்டு அவ்விதிகளை மீறுவோர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படுமென 2022 செப்டம்பரில் பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆசிரியர்களும் இவ்விடயத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும், நற்பெயருக்குப் பங்கம் விளைந்ததாகக் கூறி நட்டஈடு கோரி வழக்குத் தொடரும் உரிமை நீங்கவில்லை. பொய்யான கூற்றுக்களை இணையத்தில் பரப்புவது தொடர்பில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துள்ளது.

வளைகுடாவில் உழைப்போர்

எமது பிள்ளைகள் பலர் சவூதி அரேபியாவிலும் கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் உழைக்கின்றனர். அங்கு இது வேலையோடு நிற்கும் விடயமன்று; சிறையோடும் தொடர்புடையது. இணையத்தின் மூலம் பிறரை அவமதிப்பது அமீரகத்தில் குற்றமாகும். 2012ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சவூதி அரேபியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகவல் தொழினுட்பத்தின் மூலம் ஒருவருக்கு அவதூறு விளைவிப்பதற்கு ஒரு வருடம் வரை சிறையும் 5 இலட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

அபூதாபியில் ஹெலிகொப்டர் திருத்துநராகப் பணியாற்றிய ஓர் அமெரிக்கர், 2014ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறையில் தன் சொந்த நாட்டில் இருந்தபோது, கம்பனியின் மீதிருந்த கோபத்தை முகநூலில் கொட்டினார். 2015 பெப்ரவரியில் அபூதாபி திரும்பியதும் அவர் கைது செய்யப்பட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அவருக்காகக் கடிதம் எழுத வேண்டியேற்பட்டது. வேறொரு நாட்டில் இருந்து எழுதியமை அவரைக் காக்கவில்லை. அத்தகைய ஆதரவு எமது பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

பெற்றோருக்கு இதில் நேரடிப் பொறுப்பும் உண்டு. மகன் தன் துயரை உம்மாவுக்குக் குரல் பதிவாக அனுப்புகிறான். உம்மா அழுதவாறே அதனை ஊர் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி துஆ கேட்கிறார். அக்குழுவில் உள்ள ஒருவர் அதே கம்பனியில் வேலை செய்பவராக இருந்தால் அப்பதிவு எங்கு போய்ச் சேரும்? மகன் எழுதாத ஒன்றுக்கு மகனே விலை கொடுப்பான். பிள்ளையின் கஷ்டத்தைச் சொல்லி துஆ கேட்பது தவறன்று. அவனது குரலையும் கம்பனியின் பெயரையும் பரப்புவதே ஆபத்து.

மார்க்கம் மௌனத்தையா போதிக்கிறது?

அப்படியாயின் அநீதிக்குள்ளானவர் வாய் மூடி இருக்க வேண்டுமா? இல்லை. தீய வார்த்தை பகிரங்கமாகப் பேசப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை எனக் கூறும் திருவசனமே (4:148), அநீதி இழைக்கப்பட்டவருக்கு விதிவிலக்கும் அளிக்கிறது. அபூஸுப்யான் (ரழி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான செலவைக் கணவர் தருவதில்லை என நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அதனைப் புறம் என்று நபியவர்கள் தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ள வழி காட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைக் கூற அனுமதிக்கப்பட்ட ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்குள்ளானவர் நீதி வழங்க ஆற்றலுள்ளவரிடம் முறையிடுவதாகும்.

இங்கே உற்று நோக்க வேண்டியது யாரிடம் சொல்கிறோம் என்பதே. ஹிந்த் (ரழி) அவர்கள் தீர்வு தரக்கூடியவரிடம் சென்றார்கள். கடைத்தெருவில் நின்று அறிவிக்கவில்லை. தீர்வு தர இயலாத ஆயிரம் பேரிடம் சொல்வதால் சம்பளம் கூடுவதில்லை. பகை மாத்திரமே கூடுகிறது. "நான் சொன்னது உண்மை" என்பதும் போதிய விடையன்று. ஒருவரிடம் இருக்கும் குறையை அவர் வெறுக்கும் வகையில் கூறுவதே புறம் என்றும், இல்லாததைக் கூறுவது அவதூறு என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள் (முஸ்லிம்). தொழுகையுடனும் நோன்புடனும் மறுமைக்கு வந்து, பிறரை ஏசியதாலும் அவதூறு கூறியதாலும் தம் நன்மைகளை அவர்களுக்கு ஈடாகக் கொடுத்து வெறுங்கையராய் நிற்பவரே உண்மையான வங்குரோத்துக்காரர் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வேலை இழப்பு இம்மையின் நட்டம். இதுவோ அதனினும் பெரியது.

முறைப்பாட்டின் சரியான வழி

முதலில், நடந்தவற்றைத் திகதியுடன் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வரவுப் பதிவு ஆகியவற்றைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, உரியவரிடம் தனியாகப் பேசுங்கள். பயனில்லையேல் கண்ணியமான மொழியில் கடிதம் எழுதி, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் பயனளிக்காவிடின் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தை நாடுங்கள். உதாரணமாக, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். சேமலாப நிதிக்கென ஊழியரிடம் கழித்த பணத்தைச் செலுத்தாத முதலாளியிடமிருந்து, மேலதிகக் கட்டணத்துடன் அதனை அறவிடத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. முகநூலில் எழுதும் நூறு வரிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை. அநீதியாக வேலை நீக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கம் இருப்பின் அதன் வழியாகவும் பேசலாம். வெளிநாட்டில் இருப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவையோ, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்திலோ தொடர்புகொள்ளலாம்.

கோபத்தில் எழுதிய எதனையும் ஓர் இரவு கடந்த பின்னரே அனுப்புங்கள். நல்லதைப் பேசுக அல்லது மௌனமாயிருக்க என்ற நபிமொழியின் (புகாரி, முஸ்லிம்) கருத்து விரலுக்கும் பொருந்தும். ஏற்கனவே எழுதிவிட்டவர் அதனை உடன் நீக்கி, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதே தௌபாவின் பகுதியாகும். உண்மையான குறை இருந்தால், வசையை விட்டுவிட்டு அக்குறையை மட்டும் உரிய இடத்தில் மீண்டும் எழுப்பலாம். மன்னிப்புக் கேட்டதனால் உரிமை அற்றுப் போவதில்லை.

பெற்றோருக்கும் முதலாளிமாருக்கும்

பெற்றோரே! பிள்ளை வேலைத்தலத்தைப் பற்றி முறையிடும்போது "வேலை என்றால் அப்படித்தான்" என்று தட்டிக்கழிக்காதீர்கள். வீட்டில் செவிசாய்ப்பார் இல்லாதபோதுதான் பிள்ளை அந்நியரிடம் ஆறுதல் தேடுகிறான். அவனுடன் அமர்ந்து கேளுங்கள். கடிதம் எழுத உதவுங்கள். தேவையாயின் தொழில் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள்.

முதலாளிமாரே! கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (இப்னு மாஜா). வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடாதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாகவும் அறிவித்தார்கள் (புகாரி). ஊழியரின் பதிவைப் பார்த்துக் கோபப்படுமுன், அவர் அதே விடயத்தை உங்களிடம் நேரில் கூற வந்தபோது கதவு திறந்திருந்ததா என உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும் காது அருகில் இருக்குமாயின், எவரும் ஊரைக் கூட்டிப் பேச விரும்பார்.

இளைஞர்களே! மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு மத்யன் நகரப் பெரியவரின் மகள் தன் தந்தையிடம் கூறியபோது, பலமும் நம்பகத்தன்மையும் என்ற இரு தகைமைகளையே எடுத்துக்காட்டியதாக அல்குர்ஆன் (28:26) குறிப்பிடுகிறது. பலம் உங்கள் படிப்பிலும் உழைப்பிலும் உண்டு. நம்பகத்தன்மையை நீங்கள் எழுதும் சொல்லிலும் பேணுங்கள். உரிமையைக் கேளுங்கள், கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய முறையில், தயங்காது கேளுங்கள்.

நம் நாவையும் விரலையும் தீங்கிலிருந்து காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும், உழைப்போருக்கும் உழைப்பைப் பெறுவோருக்கும் நீதியையும் வல்ல நாயன் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.