'பைத்தியக்கார' ரிட்லியின் பாக்கெட்டில் என்ன இருந்தது?

சிங்கப்பூர் போயிட்டு வந்தவங்ககிட்ட 'என்னென்ன பார்த்தீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. முஸ்தபா கடை, சென்டோசா, சிங்கத் தலையும் மீன் உடம்புமா தண்ணி துப்புற மெர்லயன்... லிஸ்ட் இப்படித்தான் போகும். 'தாவரவியல் பூங்காவுக்குப் போனோம்'னு யாராவது வாயைத் திறந்தா போச்சு. 'ஏன், நம்ம ஊட்டியில இல்லாத செடியா அங்கே இருக்கு?'ன்னு ஓட்டித் தள்ளிடுவோம்!

கொஞ்சம் பொறுங்க பாஸ். உங்க பைக் டயரில் இருக்கிற ரப்பருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. நம்ம ஊரிலிருந்து லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறினதுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் அதைவிடப் பெரிய கனெக்‌ஷன் உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ளே போனால், பார்க்கிற பார்வையே மாறிடும்.

டிக்கெட் இல்லாத பூ மலை!

'பொட்டானிக் கார்டன்ஸ்' எம்.ஆர்.டி ஸ்டேஷனுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? 'பூ மலை'! அந்தக் காலத்து சிங்கப்பூர் தமிழர்கள் இந்தத் தோட்டத்துக்கு வெச்ச செல்லப் பெயர். இப்போ அதுவே அரசாங்கப் பெயர் ஆகிடுச்சு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே வாசல். காலை 5 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு 12 மணிக்குத்தான் மூடுகிறார்கள். நுழைவுக் கட்டணம்? நயா பைசா கிடையாது! மொத்தம் 82 ஹெக்டேர், அதாவது நம்ம கணக்கில் சுமார் 200 ஏக்கர். ஒரு வாசலில் நுழைந்து மறு கோடி வாசலில் வெளியேறுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

1859-ல் ஆரம்பித்த தோட்டம் இது. 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் யுனெஸ்கோ அந்தஸ்து! இத்தாலியின் பாதுவா, லண்டனின் கியூ ஆகிய தோட்டங்களுக்கு அடுத்து, இந்தப் பட்டியலில் இடம்பிடித்த தாவரவியல் தோட்டம் இதுதான்.

உள்ளே அன்னப்பறவை ஏரி இருக்கிறது. 1866-ல் வெட்டியது. புல்வெளியில் ஒரு கிளையைத் தரையோடு தரையா நீட்டிக்கிட்டு நிற்கிற தெம்புசு மரத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? அந்த ஊர் அஞ்சு டாலர் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க, சாட்சாத் அதே மரம்! இன்னொரு பக்கம் 6 ஹெக்டேருக்கு அசல் மழைக்காடு. தோட்டம் பிறக்கிறதுக்கு முன்னாடியே இருந்த காடு. ஊரே கான்கிரீட் ஆன பிறகும், இந்தத் துண்டை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க.

ஷாருக் கானும் குரங்கு அசிஸ்டென்ட்டும்

தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. (மாணவர்களுக்குச் சலுகை இருக்கு, காலேஜ் ஐ.டி கார்டை மறந்துடாதீங்க!) சிங்கப்பூரின் தேசிய மலரே ஒரு ஆர்க்கிட்தான். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் தோட்டத்தில் பூத்த கலப்பின மலர் அது. 1893-ல் அதை ஆராய்ந்து உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அப்போதைய தோட்ட இயக்குநர். பெயர் ரிட்லி. ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தப் பெயர் திரும்ப வரும்!

1928 முதல் இங்கே ஆர்க்கிட் இனங்களைக் கலந்து, கண்ணாடிக் குடுவையில் விதை முளைக்க வெச்சு, புதுப்புது மலர்களை உருவாக்கிக்கிட்டே இருக்காங்க. ஊருக்கு வர்ற வி.ஐ.பி-க்களின் பெயரை அதுக்கு வைக்கிறது வழக்கம். நெல்சன் மண்டேலா பெயரில் ஒண்ணு, மார்கரெட் தாட்சர் பெயரில் ஒண்ணு. நம்ம ஷாருக் கான் பெயரில்கூட ஒண்ணு உண்டு, 2004-ல் வெச்சது!

இன்னொரு செம மேட்டர். கார்னர் என்ற விஞ்ஞானிக்கு ஒரு பிரச்னை. மழைக்காட்டு மரங்களோ வானத்துக்கு நிற்குது. உச்சியில் இருக்கிற பூவையும் காயையும் எப்படிப் பறிக்கிறது? கிழக்கு மலாயாவில் குரங்குகளைப் பழக்கித் தேங்காய் பறிப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், 1937-ல் குரங்குகளை வேலைக்குச் சேர்த்துட்டார்! மலாய் மொழியில் கட்டளை கொடுத்தால், சொன்ன கிளையை ஒடிச்சுக் கீழே போடுமாம். சம்பளம் இல்லாத ரிசர்ச் அசிஸ்டென்ட்!

இருபத்திரண்டு செடிகள்

இப்போ மெயின் படத்துக்கு வருவோம்.

1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர், பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டு வந்தார். கியூ தோட்டத்தில் விதைத்தார்கள். முளைத்தது 3,000-கூட இல்லை. எங்க காலேஜ் எம்-3 பேப்பர் ரிசல்ட்டைவிட மோசம்! தப்பிப் பிழைத்த செடிகளை இலங்கை, சிங்கப்பூர் என்று பிரித்து அனுப்பினார்கள். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 செடிகள்.

செடி மரமானது. ஆனால், ஒருத்தரும் சீண்டலை. மலாயாவின் தோட்ட முதலாளிகளுக்கு அப்போ காபி மேல்தான் கண்ணு.

1888-ல் ஹீரோ என்ட்ரி, ஹென்றி ரிட்லி. அதே வருஷம்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது சூப்பர் தற்செயல்!

அமேசானில் பால் எடுக்கிறவங்க கோடரியால் மரத்தைக் கொத்துவாங்க. மரம் காயம்பட்டு நொந்து போகும். ரிட்லி வேற ரூட்டில் யோசித்தார். ரப்பர் மரத்தில் பால் ஓடுற குழாய்கள் இருப்பது பட்டையில்தான். பட்டைக்கும் உள்ளே இருக்கிற கட்டைக்கும் நடுவில் கேம்பியம்னு மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கு. மரத்துக்கு உயிர்நாடியே அதுதான். அதைத் தொடாமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவினால், பால் வடியும், பட்டையும் திரும்ப வளரும். மீன் முள் மாதிரி கோடு போட்டு, அதே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாச் சீவினால், ஒரே மரத்தில் வருஷக்கணக்கில் பால் எடுக்கலாம். அதுவும் விடியற்காலையில், மரத்துக்குள்ளே அழுத்தம் அதிகமா இருக்கிற நேரத்தில் வெட்டினால் வரத்து கூடும். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதைப் படிச்சப்போ, 'அட, இது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஆச்சே!'ன்னு தோணுச்சு.

ஆனால், கண்டுபிடிச்சா போதுமா? வாங்க ஆள் வேணுமே! ரிட்லி பார்க்கிற தோட்டக்காரங்ககிட்ட எல்லாம் 'ரப்பர் போடுங்க, ரப்பர் போடுங்க'ன்னு நச்சரிச்சார். அவங்க பாக்கெட்டிலேயே ரப்பர் விதைகளைத் திணிச்சு அனுப்புவாராம். 'பைத்தியக்கார ரிட்லி'ன்னே பெயர் வெச்சுட்டாங்க.

1896-ல் மலாக்காவைச் சேர்ந்த சீன வணிகர் டான் சே யான் துணிஞ்சு ரப்பர் பயிரிட்டார். அப்புறம் காபி விலை சரிந்தது. மோட்டார் கார் வந்தது. 1910-ல் ரப்பர் விலை கூரையைப் பிச்சுக்கிட்டுப் போனது. 'பைத்தியம்'னு சொன்னவங்க எல்லாம் தோட்டத்து வாசலில் விதைக்கு நின்றார்கள். 1917-க்குள் இந்தத் தோட்டத்திலிருந்து போன ரப்பர் விதைகள் 70 லட்சம்! 1920-ல் உலக ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து வந்தது. ரிட்லி 100 வயது வரை வாழ்ந்து, 1956-ல் இறந்தார்.

விதைக்குப் பின்னால் வந்த மனிதர்கள்

இங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்குது. விதை போட்டாச்சு. காட்டை அழிக்க, கன்று நட, பால் வெட்ட ஆள்? கங்காணிகள் நம்ம ஊர்க் கிராமங்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய கூட்டம், பினாங்கில் இறங்கி ரப்பர் தோட்டங்களுக்குப் போனது. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இருந்த இந்தியர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவங்க தமிழர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம், சயாம் - பர்மா ரயில் பாதை போட இதே தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனது. நிறைய பேர் திரும்பவே இல்லை.

நான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தது எங்க அக்காவோட மாமனாரோடு. ஜொகூரில் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 1970-களில் கப்பல் பட்டறை வேலைக்கு சிங்கப்பூர் வந்தவர். ஆர்க்கிட், ஏரின்னு எதையும் கண்டுக்காம நடந்தவர், ரப்பர் மரத்துக்கிட்ட வந்ததும் நின்னுட்டார்.

"பால்மரம், தம்பி" என்றார். விரலால் காற்றிலேயே ஒரு சாய்வுக் கோடு போட்டுக் காட்டினார், இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே. கை நடுங்கவே இல்லை.

"நாலு மணிக்கு எழும்பணும். அம்மா நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க. ஒரு நிரையில நானூறு, ஐந்நூறு மரம். நான் பின்னாடியே போய், முந்தின நாள் கட்டிப்பாலை உரிச்சு வாளியில போடுவேன். அப்புறம்தான் பள்ளிக்கூடம்."

"வெட்டுறது கஷ்டமா மாமா?"

"உளியைப் பிடிக்கத் தெரியணும். கட்டை தெரியக் கூடாது. தெரிஞ்சா மரத்துக்குக் காயம். மண்டோர் பார்த்தா கூலியில கை வைப்பார். மழை பேஞ்சா வெட்டு கிடையாது, அன்னிக்குக் காசும் கிடையாது. அம்மா வெட்டின மரத்துல ஒரு காயம் பார்க்க முடியாது."

எனக்கு சுருக்குன்னு இருந்தது. கேம்பியத்தைத் தொடாமல் சீவணும்னு ரிட்லி வருஷக்கணக்கில் ஆராய்ந்து எழுதினார். பள்ளிக்கூடம் பக்கமே போகாத அந்த அம்மா, ராத்திரி இருட்டில், ஒரு நாளைக்கு நானூறு தடவை அதையே செஞ்சு காட்டியிருக்காங்க. ரிட்லியின் கண்டுபிடிப்பை உலகத்துக்கே வேலை செய்ய வெச்சது அந்தக் கைகள்தான்.

"இப்போ அந்த எஸ்டேட் இருக்கா மாமா?"

"செம்பனை போட்டுட்டாங்க. லயத்தையும் இடிச்சாச்சு. எங்களுக்கு ஊருன்னு காட்டுறதுக்கு இந்த மரந்தான் மிச்சம்."

ரிட்லி மேல தப்பு சொல்ல முடியாது. அவர் ஒரு நல்ல விஞ்ஞானி. ஆனால், நாளைக்கு நாமளும் எதையாவது கண்டுபிடிக்கப் போறவங்க. நம்ம டிசைன் ஜெயிச்சா, அதைச் செய்யப் போற கைகள் யாருடையது, அவங்க எங்கேயிருந்து வருவாங்க, மழை நாளில் என்ன சாப்பிடுவாங்க என்ற கேள்வி எந்த சிலபஸிலும் இல்லை. அந்தக் கேள்வியை இந்தத் தோட்டம் கேட்க வைக்குது.

அடுத்த தடவை சிங்கப்பூர் சான்ஸ் கிடைச்சா, ஷாப்பிங்கில் ஒரு காலையைக் கழிச்சுக்கிட்டு பூ மலைக்குப் போங்க. வெயில் ஏறுவதற்கு முன் போறது நல்லது. தண்ணீர் பாட்டிலும் குடையும் கட்டாயம், மழை சொல்லாமக் கொள்ளாம வரும். உள்ளே ஹோல்டம் ஹாலில் இருக்கிற ஹெரிடேஜ் மியூசியமும் இலவசம்தான், விட்டுடாதீங்க.

சிங்கப்பூர் போகிற ஐடியாவே இல்லையா? பரவாயில்லை. வீட்டில் வயசானவங்க யாராவது இருந்தால், 'நம்ம குடும்பத்துல யாராவது மலாயா போனாங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் 'போனாரு ஒருத்தரு...'ன்னு ஒரு கதை கிளம்ப நிறைய வாய்ப்பு இருக்கு. அந்தக் கதையை உடனே எழுதி வெச்சுக்கோங்க. விதைகளுக்கு ரிட்லி கணக்கு வெச்சிருந்தார், அவங்களுக்கு நாமதான் வெச்சாகணும்!